எட்டு எம்.எம். சொற்கள்

ஏலக்காய் பொறுக்கும் வேலையில் கண்ணுக்கு ஓய்வில்லை, கைக்கும் ஓய்வில்லை. வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. போடிநாயக்கனூரில் ராஜா முகம்மதுவின் கிட்டங்கியில், அதாவது ஏலக்காய்க் கிடங்கில், வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களும் அந்த வாயை வைத்து ஊர்க்கதை, உறவுக்கதை, தொடர்நாடகக் கதை எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருந்தார்கள். போன ஆண்டு ஆடி மாதம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அது ஆங்கிலம். அதுவும் சாதாரண ஆங்கிலம் அல்ல; வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் மனப்பாடம் செய்யும், வாயில் நுழையச் சிரமப்படும் ஆங்கிலம். அதற்குக் காரணம் சூர்யகலா.

சூர்யகலாவுக்கு வயது முப்பத்தாறு. சொந்த ஊர் சிலமலை. கணவர் விஜயபாண்டி ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பாதையில் ஏறிவிடுவார். சூர்யகலா பதினோரு ஆண்டுகளாகக் காய் பொறுக்குகிறார். நடுவில் தபால் வழியில் பி.காம். முடித்தார். தேனியில் போய்த் தேர்வு எழுதிவிட்டு, மதிய பஸ்சில் திரும்பி வந்து, மிச்ச மூட்டையைப் பொறுக்கியவர். சான்றிதழ் பீரோவில் இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தால் புரியும். எழுது என்றால் நான்கு வரிக்கு மேல் ஓடாது.

கிட்டங்கியின் மாடியில் ஓர் அறை. ஒரு கணினி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவதும், அவர்கள் கேட்கும் விவரங்களுக்குப் பதில் சொல்வதும் அந்த நாற்காலியில் இருப்பவரின் வேலை. அதில் இருந்தவர் கொச்சிக்கு மாறிப் போய்விட்டார். ஒரு வாரம் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்த சூர்யகலா, எட்டாவது நாள் மாடியேறி, ஆள் பார்த்தாயிற்றா என்று கேட்டார். தேனியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாக ராஜா முகம்மது சொன்னார். தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரித்தார்.

"இருக்கு மொதலாளி. நான்தான்."

ராஜா முகம்மது சிரிக்கவில்லை. பட்டப்படிப்பு இருப்பது அவருக்குத் தெரியும்; அந்தத் தேர்வுகளுக்கு விடுப்புக் கொடுத்தவரே அவர்தான். ஒரு கெடு வைத்தார். ஐப்பசியில் சவூதியின் தம்மாமில் உள்ள வியாபாரி அபு நாசருக்குப் புதுச் சரக்கின் மாதிரி போக வேண்டும். மாதிரியோடு போகும் கடிதத்தைச் சூர்யகலா எழுதட்டும். அந்தக் கடிதத்தை நம்பி அபு நாசர் சரக்கை எடுத்துக்கொண்டால் நாற்காலி சூர்யகலாவுக்கு. இல்லையென்றால் தேனி ஆளுக்கு.

கையில் மூன்று மாதம் இருந்தது. சூர்யகலா அன்று மாலையே பஸ் நிலையம் பக்கத்திலிருந்த பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினார். மூவாயிரத்துச் சொச்சம் ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள். கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டில் படிக்க முடியவில்லை. சமையல், துணி, தண்ணீர் வரும் நேரம் என்று பொழுது போய்விடும். கிட்டங்கியில் காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்று வரை வாய் சும்மாதானே இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. காலி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, ஐந்து சொற்களைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளும் எழுதி, எதிர்ச்சுவரில் ஆணியில் மாட்டினார். குனிந்து பொறுக்குவார், நிமிரும்போதெல்லாம் ஒரு சொல்லைச் சொல்வார். இரண்டாம் நாள் பக்கத்திலிருந்த மைதீன் பீவியும் சொன்னார். ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். வெளியே லோடு இறக்க வந்தவர்கள், உள்ளே ஏதோ பஜனை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்ததும் உண்டு.

சொற்கள் சுவரில் சும்மா தொங்கவில்லை. உடனடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. டீ தாமதமாக வந்தால் டீக்காரர் 'லெதார்ஜிக்', அதாவது மந்தமானவர். வடையும் சேர்த்து வாங்கிக் கொடுத்த நாளில் முதலாளி 'மேக்னானிமஸ்', பெருந்தன்மையாளர். ஓயாமல் பேசுகிறவரைக் குறிக்கும் 'கேரலஸ்' என்ற சொல் யாருக்குப் பொருந்தும் என்று அரை நாள் விவாதம் நடந்தது. பேசியவர்களில் அதிகம் பேசியவர் என்ற முறையில் அது செல்லக்கிளிக்குப் போனது.

செல்லக்கிளி அந்த அறையில் வாய்க்குப் பேர் போனவர். ராசிங்காபுரத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஒரு நாள் சூர்யகலாவிடம் தனிக் கோரிக்கை வைத்தார்.

"எங்க மருமகனுக்குத் தோதா ஒண்ணு எடுத்துக் கொடு ஆத்தா. நான் சொன்னா எனக்கு நிம்மதி வரணும். அவுகளுக்குப் புரியக் கூடாது."

சூர்யகலா புத்தகத்தைப் புரட்டி 'இன்காரிஜிபிள்' என்று எடுத்துக் கொடுத்தார். எத்தனை சொன்னாலும் திருத்தவே முடியாத ஆள் என்று பொருள். செல்லக்கிளி இரண்டு நாள் பயிற்சி எடுத்து, தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார். மருமகன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ கொய்யாப் பழத்தோடு வந்து நின்றார். அந்தப் பழத்தைப் பன்னிரண்டு பேரும் பகிர்ந்து தின்றார்கள்.

ஐப்பசிக்குள் சூர்யகலாவின் நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்துவிட்டன. அவ்வளவையும் மொத்தமாக வைத்துக்கொள்ள முடியாது, பிரிக்க வேண்டும். பிரிக்கிற வேலையில் அவருக்குப் பதினோரு ஆண்டு அனுபவம்.

ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். எட்டு எம்.எம். துளையில் விழாமல் மேலே நிற்கும் காய்க்குத்தான் முதல் மரியாதை. அடுத்தது ஏழு எம்.எம். அதற்கும் கீழே விழுவது மசாலாப் பொடிக்குப் போகும். சூர்யகலா சொற்களையும் அப்படியே சலித்தார். ஆங்கிலத்தில் பத்து எழுத்தும் அதற்கு மேலும் உள்ளவை எட்டு எம்.எம். பக்கத்தில். ஏழு முதல் ஒன்பது வரை ஏழு எம்.எம். பக்கத்தில். மிச்சமெல்லாம் கடைசிப் பக்கங்களில், தனித்தனியாக எழுதக்கூட இல்லாமல், நெருக்கிப் பிடித்து. பொருத்தமானது என்று பொருள்படும் 'ஆப்ட்' மூன்றே எழுத்து. அது பொடிக்குப் போனது. ஒளிவுமறைவு இல்லாததைச் சொல்லும் 'கேண்டிட்' ஆறு எழுத்து, அதுவும் போனது.

இது தவறு என்று அந்தக் கிட்டங்கியில் யாருக்கும் தோன்றவில்லை. பெரியது உசத்தி என்பதில் சந்தேகப்பட அங்கே ஆளே கிடையாது.

மாதிரிக் கடிதத்தைச் சூர்யகலா நான்கு நாட்கள் எழுதினார். பதினேழு வரிகள். அதில் எட்டு எம்.எம். சொற்கள் மட்டும் நாற்பத்தொன்று. ஈடிணையற்றதும், கண்ணைப் பறிக்கும் ஒளி பொருந்தியதும், எவராலும் மறுக்க முடியாததும், சாரத்தின் சாரமாக விளங்குவதுமான எங்கள் ஏலக்காய் என்று தொடங்கி, அதே வேகத்தில் கடைசி வரை போனது. ராஜா முகம்மது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் பெரிதாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. ஒரு கிலோ மாதிரியும் கடிதமும் தம்மாமுக்குக் கிளம்பின.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, பதில் வந்தது. ராஜா முகம்மது மாடியிலிருந்து இறங்கிப் பொறுக்கும் அறைக்கே வந்து, அதைத் தமிழில் சொன்னார்.

இரண்டு அகராதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன் என்று அபு நாசர் எழுதியிருந்தார். ஈரப்பதம் எத்தனை என்று அதில் இல்லை. வெடித்த காய் எத்தனை என்று இல்லை. காய் ஏன் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது என்றும் இல்லை. புகழ்ச்சி மட்டும் இருக்கிறது. எதையாவது மறைக்கிறவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

ராஜா முகம்மது சத்தம் போடவில்லை. அது சூர்யகலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூட்டை வாயில ரொம்ப நல்ல காயாப் பரப்பி வச்சிருந்தா நீ என்னம்மா செய்வ? கையை அடியில விடுவேல்ல. அவரும் விட்டுப் பாத்திருக்காரு."

தேனி ஆளைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். திங்கட்கிழமை வரைக்கும் தனக்கு நேரம் இருக்கிறதல்லவா என்று சூர்யகலா கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறினார்.

முதலில் வாயைத் திறந்தவர் செல்லக்கிளிதான். "லெட்டர் எழுதச் சொன்னா கும்பாபிசேகப் பத்திரிகை அடிச்சிருக்கா."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். சூர்யகலாவும் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அன்று மதியம் மலையிலிருந்து ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கியது. பளபளவென்று பச்சை, ஒவ்வொன்றும் எட்டு எம்.எம். சல்லடையில் நின்றது. வழக்கப்படி மைதீன் பீவி ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் காயைக் கொட்டி, மேலே குச்சியால் தட்டிச் சமன் செய்து, தராசில் வைத்தார். முந்நூற்று அறுபது கிராம். நல்ல காய் என்றால் லிட்டருக்கு நானூறைத் தாண்ட வேண்டும். பெரிதாக இருக்கிறது, உள்ளே விதை நிறையவில்லை. பொக்கு. மைதீன் பீவி மூட்டையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுத்துத் தனியே தள்ளினார்.

லிட்டர் எடை போடுவதைச் சூர்யகலா ஆயிரம் முறையாவது பார்த்திருப்பார், தானே போட்டுமிருக்கிறார். அன்றைக்குத்தான் கை நின்றது. சல்லடை என்பது பாதி வேலை. சலித்து முடித்த காயை எடை போட்டால்தான் தரம் தெரியும். காய்க்கு இரண்டையும் செய்கிறவர், சொல்லுக்கு முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் சுவரில் புது அட்டை எதுவும் மாட்டவில்லை. பழைய கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் அதன் பொருளையும் வாசித்தார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அபு நாசருக்குத் தெரிய வேண்டிய ஏதாவது தெரியாமல் போகுமா என்று கேட்டார். போகும் என்றால் எடை நிற்கிறது. போகாது என்றால் பொக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் பொறுக்குகிறவர்கள்.

'அன்பேரலல்டு', ஈடிணையற்ற. எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்வான் என்றார் மைதீன் பீவி. பொக்கு. 'ரிஸ்ப்ளெண்டண்ட்', ஒளிவீசும். ஏலக்காய் என்ன டியூப்லைட்டா என்று ஒரு குரல் கேட்டது. பொக்கு. 'க்விண்டெசென்ஷியல்' என்பதை மட்டும் செல்லக்கிளி காப்பாற்றப் பார்த்தார். அது வாய்க்கு நன்றாக இருக்கிறது, மருமகனிடம் சொல்ல வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். மருமகனுக்கு வைத்துக்கொள்ளலாம், தம்மாமுக்கு வேண்டாம் என்று முடிவானது. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு விழுந்துவிட்டன.

சாப்பாட்டுக்குப் பிறகு, பொடிக்குத் தள்ளிய கடைசிப் பக்கங்களை எடுத்தார். அங்கே ஆறு எழுத்தில் 'இன்டாக்ட்' கிடந்தது. சிதையாமல், உடையாமல், முழுதாக இருப்பது என்று பொருள் சொன்னதும் மைதீன் பீவி நிமிர்ந்து பார்த்தார்.

"அட, அது நம்ம வெடிக்காத காயில்ல. அத ஏன் குப்பையில போட்ட?"

நோட்டுப் புத்தகம் முழுவதும் இப்படியே எடை போடப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து நான்கு தேறின. சிலது குட்டை, சிலது நெட்டை.

ஆனால் கடிதத்துக்கு வேண்டிய முக்கியமான விஷயம் நோட்டில் இல்லை. காய் ஏன் ஒரு பக்கம் வெளுத்தது? சூர்யகலாவுக்குத் தெரியவில்லை. ராஜா முகம்மதுவுக்கும் தெரியவில்லை. அந்தச் சரக்கு விளைந்த தோட்டத்துக்காரர் போனை எடுக்கவில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.

அன்று மாலை வீட்டில் விஜயபாண்டியிடம் சொன்னார். அவர் பழைய கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் வரிகளின் நீளம் தெரிந்தது.

"நாளைக்கு முன்சீட்டுல எடம் போடுறேன், வா. ஆனா ஏத்தத்துல இந்த இங்கிலீசு பேசக் கூடாது. வண்டி பஸ்ட் கியர்லயும் இழுக்காது."

சனிக்கிழமை விடியும் நேரத்தில் ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறியது. பின்னால் பதினொரு பெண்கள், தூக்குவாளிகள், மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் கொங்காணிகள். போடிமெட்டில் பனிமூட்டம் கண்ணாடியை மறைத்தது. கேரளப் பக்கம் இறங்கி, பெண்களை அவரவர் தோட்டத்தில் விட்டபின், பூப்பாறைக்கு அப்பால் ஒரு சரிவில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு விஜயபாண்டி ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

காய் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்பவர் சின்ராசு. தேவாரத்துக்காரர், மலையில் இருபது ஆண்டு இருந்ததில் பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டது. வெளுத்த காயைச் சூர்யகலா கையில் வைத்துக் காட்டியதும், அவர் வெளியே கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார். ஏலச்செடிகளுக்கு நிழல் தரும் பெரிய மரங்களில் ஒரு பக்கம் கிளைகளே இல்லை. வானம் தெரிந்தது.

"மழைக்கு முந்தி கெளை எறக்கினாங்க சேச்சி. இந்தச் சரிவுல கொஞ்சம் கூடுதலா வெட்டிட்டானுங்க. வெயிலு நேரா அடிச்ச சைடு மட்டும் வெளுத்துப் போச்சு. தோலுதான். உள்ள குழப்பமில்ல."

உள்ளே குழப்பமில்லை, அதாவது கெடுதல் இல்லை, என்பதை அவர் வாயால் கேட்டுக்கொண்டு திரும்பச் சூர்யகலாவுக்கு மனமில்லை. அங்கேயே உட்கார்ந்து வெளுத்த காயாகப் பொறுக்கி, நகத்தால் பிளந்து பார்த்தார். கறுத்த விதைகள், விரலில் ஒட்டும் பிசுக்கு, மூக்கில் ஏறும் மணம். இருபது காய் பிளந்தார். இருபதும் நன்றாக இருந்தன.

இறங்கும்போது ஜீப்பில் அதற்கு ஆங்கில வரி தேடிக்கொண்டே வந்தார். வெளுப்பு காயில் இருக்கிறது, ஆனால் காயில் இல்லை. நிறத்தில் இருக்கிறது, விதையில் இல்லை. பார்க்கிற கண்ணுக்கு இருக்கிறது, கடிக்கிற பல்லுக்கு இல்லை. இதை ஆங்கிலத்தில் எழுத நான்கு வரி ஆகிறது. நான்கு வரி எழுதினால் மறுபடி மூட்டையின் வாயில் பரப்பி வைத்தது போல ஆகிவிடும். குரங்கணி மலைகள் தெரியும் ஒரு வளைவில் ஜீப்பு திரும்பும்போது, மேலோட்டமானது என்று தமிழில் ஒரு சொல் வந்தது. அதற்கு நோட்டில் எட்டு எம்.எம். பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. 'சூப்பர்ஃபிஷியல்'. பதினொரு எழுத்து. மேற்பரப்போடு நின்றுவிடுவது, ஆழத்துக்குப் போகாதது. நான்கு வரியின் வேலையை அது தனியாகச் செய்தது. வெள்ளிக்கிழமைத் தீர்ப்பில் தேறிய அறுபத்து நான்கில் அதுவும் ஒன்று.

மதியம் இரண்டு மணிக்குக் கிட்டங்கிக்கு வந்தார். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை என்றாலும் மைதீன் பீவியும் செல்லக்கிளியும் போகாமல் இருந்தார்கள். மூவரும் தம்மாமுக்குப் போக வேண்டிய மூட்டைகளில் ஒவ்வொன்றிலும் அடிவரை கையை விட்டு, வெளுத்த காயாக நூறு எடுத்துப் பிளந்தார்கள். தொண்ணூற்றேழில் விதை கறுப்பு. மூன்றில் பழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை கடிதம் தயார். ஒன்பது வரிகள். ஈரப்பதம், சல்லடை அளவு, லிட்டர் எடை மூன்றும் எண்ணில் இருந்தன. நூற்றுக்கு இத்தனை காய் 'இன்டாக்ட்'. நிழல்மரங்களின் கிளைகளை அதிகமாக வெட்டியதால் வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்தது. இந்த வெளுப்பு 'சூப்பர்ஃபிஷியல்'. வெளுத்த காய்கள் நூறைப் பிளந்து பார்த்தோம். மூன்றில் விதை பழுப்பாக இருந்தது. நீங்களும் பிளந்து பாருங்கள்.

ராஜா முகம்மது வாசித்தார். இந்த முறை ஒரே தடவையில் விளங்கியது. விளங்கியதால் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அந்த மூணை எதுக்கும்மா எழுதுற? தொண்ணூத்தேழு நல்லாருக்குன்னு மட்டும் போடு. மிச்சத்தை அவரு கேக்கவா போறாரு?"

நாற்காலி சூர்யகலாவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ராஜா முகம்மது அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரு கையை அடியில விடுவாருல்ல மொதலாளி. அங்கன அந்த மூணும் இருக்குமே."

ராஜா முகம்மது அவரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பிறகு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை தேனி ஆள் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. மாடிப்படியில் ஏறும்போது எல்லாருக்கும் வணக்கம் சொன்னதால் அவரைத் திட்டவும் முடியாமல் செல்லக்கிளி தவித்தார். கீழே பொறுக்கும் அறையில் சூர்யகலா முன்னால் ஒரு மூட்டை அவிழ்ந்து கிடந்தது. அவர் பொறுக்கிக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்கு டீ வந்தது. டீக்காரரை அன்றைக்கு யாரும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்கு ராஜா முகம்மது கீழே வந்தார். கையில் போன் இருந்தது. அபு நாசரின் பதில் ஐந்தே வரி; அதை அப்படியே சொன்னார். நானும் மாதிரியிலிருந்து வெளுத்த காய் நூறு எடுத்துப் பிளந்தேன். நீங்கள் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நான்கு கிடைத்தது. பரவாயில்லை. சரக்கு முழுவதையும் அனுப்புங்கள். இனிமேல் எல்லாக் கடிதத்தையும் இவரே எழுதட்டும்; முதல் கடிதம் எழுதியவர் எழுத வேண்டாம்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. முதல் கடிதம் எழுதியவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகத் தம்மாமுக்குச் சொல்லிவிடலாம் என்று மைதீன் பீவி யோசனை சொன்னார். தேனி ஆளுக்கு ராஜா முகம்மது டீயும் வடையும் வாங்கிக்கொடுத்து, கம்பத்தில் தன் மைத்துனர் கடையில் கணினிக்கு ஆள் தேடுவதாகச் சொல்லி, போன் எண்ணும் கொடுத்து அனுப்பினார். பிறகு சூர்யகலாவை மாடிக்கு வரச் சொன்னார்.

"இந்த மூட்டை பாதியில கெடக்கு மொதலாளி. நாளைக்கு ஏறுறேன்."

சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு அந்த மூட்டை முடிந்தது. வெடித்தது, கறுத்தது, சொறி விழுந்தது எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, நல்ல காய் தைத்துக் கட்டப்பட்டு, சுவரோரம் நின்றது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குச் சூர்யகலா மாடியேறினார். நாற்காலி கொஞ்சம் உயரமாக இருந்தது, இறக்கிக்கொண்டார். முதல் வேலையாகத் தம்மாமுக்கு இரண்டு வரி எழுதினார். நான்கு என்பதை ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த சரக்கிலிருந்து இருநூறு காய் பிளந்து பார்த்துவிட்டு எழுதுகிறோம். அனுப்பியபின் படியின் தலைமாட்டில் வந்து நின்று, அதைக் கீழே இருப்பவர்களுக்கும் சொன்னார்.

"எரநூறா?" என்றது செல்லக்கிளியின் குரல். "எழுதுறது நீ. நகம் யாருதாம்?"